பத்தமடைப் பாயும் ஒரு வரைநோட்டும்

இக்கட்டுரையை வாசிக்கத் தொடங்குமுன் ஒரு கணம் உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். உங்கள் குடும்பத்தார் ஒருவர் தம் கையாலேயே செய்த பொருள் ஏதேனும் கண்ணில் படுகிறதா? தலையணை உறையில் ஒரு பூத்தையல், மேசை விரிப்பின் ஓரப் பின்னல், குழந்தையின் தொப்பி, எதுவாயினும் சரி. அப்படி ஒன்று இருக்குமாயின், அதைச் செய்யும் முறை அவருக்குப் பின் யாருக்குத் தெரியும் என்பதையும் சற்றே எண்ணிப் பாருங்கள். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் பத்தமடையைச் சேர்ந்த ஒரு பாய் நெசவாளர். அன்று என்னால் அவருக்குப் பதில் சொல்ல இயலவில்லை.

நான் காயல்பட்டினத்தில் பெண்கள் மதரஸா ஒன்றில் பாடம் சொல்லிக் கொடுப்பவள். வரலாற்றில் பி.ஏ. பட்டம் பெற்றவள். என் உம்மா குரோஷா ஊசியில் கைதேர்ந்தவர். முனையில் கொக்கி வளைந்த அந்தச் சின்னஞ்சிறு ஊசியையும் வெள்ளை நூல்கண்டையும் வைத்துக்கொண்டு, லுஹருக்கும் அஸருக்கும் இடைப்பட்ட பொழுதில் அவர் பின்னிய தொப்பிகள் எங்கள் குடும்பத்து ஆண்கள் அனைவரின் தலைகளையும் அலங்கரித்தன. ஐந்து வகை மாதிரிகள் அவருக்குத் தெரியும். எதையும் அவர் எழுதி வைத்ததில்லை. ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு தொப்பியைப் பின்னி, அதைத் தகரப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்தார். மறந்துபோனால் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவருடைய கணக்கு.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் ஊரில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் வீட்டினுள் இடுப்பளவு நீர். தண்ணீர் வடிந்தபின் பெட்டியைத் திறந்தோம். ஐந்து தொப்பிகளும் சேற்று நீரில் ஊறி, துருக்கறை படிந்து, தொட்ட இடமெல்லாம் நைந்து போயின. உம்மா அழவில்லை. "போனால் போகட்டும், கை இருக்கிறதே" என்றார். ஆனால் கண்? கண்ணழுத்த நோயால் அவருடைய பார்வை ஓராண்டுக்கு முன்பே குறையத் தொடங்கியிருந்தது. அந்த நோயில் போன பார்வை திரும்புவதில்லை. எஞ்சியதைத்தான் மருந்தால் காக்க முடியும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

அதே வெள்ளத்தில் வீட்டிலிருந்த பாய்கள் யாவும் அழுகிப் போயின. என் தங்கை மகளின் திருமணமும் நெருங்கி வந்தது. மணமக்களின் பெயர் நெய்த கல்யாணப் பாய் ஒன்றும் வீட்டுக்குச் சில பாய்களும் சொல்லிவர, 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் பத்தமடைக்குப் புறப்பட்டோம். உம்மா, நான், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள், துணைக்கு என் தம்பி என நால்வர்.

புறப்படும்போதே எனக்கும் மகளுக்கும் ஒரு மனத்தாங்கல். அவளுக்கு எந்நேரமும் படம் வரைவதே வேலை. கணக்கு நோட்டின் ஓரங்களில் சன்னல் கம்பி, கிணற்றுக் கப்பி, பள்ளிவாசல் மினாரா என்று எதையாவது கிறுக்கிக்கொண்டிருப்பாள். காலாண்டுத் தேர்வு வருகிறதே என்ற கவலையில் அவளுடைய வரைநோட்டை நான் பிடுங்கி அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன். அவளோ தம்பியிடம் கேட்டுக் கட்டம் போட்ட புதிய கணக்கு நோட்டு ஒன்றை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். ரயில் ஏறியபின்தான் அது எனக்குத் தெரிந்தது.

திருச்செந்தூரிலிருந்து வரும் ரயில் எங்கள் ஊரைக் கடந்து ஆறுமுகநேரி, குரும்பூர், நாசரேத், ஆழ்வார்திருநகரி வழியாகச் செல்கிறது. இருபுறமும் வாழைத் தோட்டங்கள், நெல் வயல்கள், இடையிடையே தாமிரபரணிக் கால்வாய்கள். ஸ்ரீவைகுண்டம் வந்ததும் பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் வெளியே எட்டிப் பார்த்தார்கள். அந்த டிசம்பர் வெள்ளத்தில் சுமார் 800 பயணிகளுடன் ஒரு ரயில் சிக்கிக்கொண்ட நிலையம் அது. இப்போது தண்டவாளத்தின் ஓரத்தில் புல் முளைத்திருந்தது. என் மகள் அதைப் பார்த்துவிட்டு நோட்டில் ஏதோ வரைந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திருநெல்வேலியில் இறங்கி, சேரன்மகாதேவி செல்லும் பேருந்தில் ஏறினோம். மேற்கே பொதிகை மலை நீல நிறத்தில் தெரியத் தெரிய வயல்களின் பசுமையும் கூடுகிறது. பத்தமடை அச்சாலையில் உள்ள சிற்றூர். அங்கே கோரைப்பாய் நெசவைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருவோர் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்தார். 1953ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எலிசபெத் மகாராணியாருக்கு முடிசூட்டு விழா நடந்தபோது இங்கிருந்து ஒரு பாய் அனுப்பப்பட்டதை ஊர்ப் பெரியவர்கள் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள். பத்தமடைப் பாய் புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. ஆயினும் இந்தப் பெருமைகள் எதுவும் அந்தத் தெருவுக்குள் நுழைந்ததும் கண்ணில் படவில்லை. ஓட்டு வீடுகளின் முன்னே வெயிலில் உலரும் கோரைக் கற்றைகளும், சாயம் ஏறிய வாளிகளும்தான் எங்களை வரவேற்றன.

நாங்கள் தேடிச் சென்ற வீட்டில் ஐம்பது வயதை எட்டிய ஓர் அம்மையார் தறியின் முன் அமர்ந்திருந்தார். ஸலாம் கூறி உள்ளே அழைத்து, உம்மாவுக்குச் சுவரோரமாக இடம் கொடுத்தார். தம்பி வெளித்திண்ணையில் அமர்ந்தான்.

சகோதரிகளே, ஒரு பாய் உருவாகும் விதத்தை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை. ஆற்றங்கரையிலும் சதுப்பு நிலத்திலும் வளரும் கோரையைப் பச்சையாக அறுத்து, நீளவாக்கில் கீறி, வெயிலில் காயவைக்கிறார்கள். காய்ந்ததைச் சில நாள்கள் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். ஊறி உப்பியதை மீண்டும் உலர்த்தி மேலும் மெல்லிய இழைகளாகக் கிழிக்கிறார்கள். அதன்பின் சாயம். தறியோ நம் கைத்தறியைப் போல் உயர்ந்தது அன்று. தரையை ஒட்டிக் கிடக்கிறது. பருத்தி நூலைப் பாவாக நீட்டிக் கட்டி, நீண்ட குச்சி ஒன்றின் முனையில் கோரை இழையைச் சேர்த்து நூல்களின் ஊடே செலுத்தி, பலகையால் அடித்து நெருக்குகிறார்கள். சாதாரணப் பாய்க்குக் கோரை தடிமனாக இருக்கும். பட்டுப்பாய் எனப்படும் உயர்ந்த வகைக்கு அதே கோரை தலைமுடி போல் ஆகிவிட வேண்டும். நூலும் 100 முதல் 140 கவுண்ட் வரை நேர்த்தியாக இருக்க வேண்டும். அத்தகைய பாயைத் துணியைப் போல மடித்துவிடலாம். நெய்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

நான் இவற்றையெல்லாம் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தேன். மகள் ஒன்றும் கேட்கவில்லை. தறியின் பக்கவாட்டில் அமர்ந்து வரைந்துகொண்டிருந்தாள். சற்று நேரம் கழித்துத் தலையை நிமிர்த்தி, "பெரியம்மா, ஒரு கோரையை அடிப்பக்கமாகவும் அடுத்ததை நுனிப்பக்கமாகவும் நுழைக்கிறீர்களே, அது ஏன்?" என்றாள்.

அம்மையாரின் கை நின்றது. "பாத்துட்டியே பிள்ளை!" என்று சிரித்தார். "கோரைக்கு அடி தடிப்பு, நுனி மெலிவு. மாத்தி மாத்திப் போடலைன்னா பாய் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிப் போயிரும். வாங்க வர்றவங்க யாரும் இதைக் கேட்டதில்லையே."

நான் என் குறிப்பைப் பார்த்தேன். இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அதில் இந்த ஒரு செய்தி இல்லை. கேட்டதையெல்லாம் எழுதிய நான், கண் முன் நடந்ததைக் காணவில்லை. ஒரு பொருளை வரைய வேண்டுமானால் அதை உற்று நோக்கியே ஆக வேண்டும். இழை எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரியாமல் கோடு நகராது. கிறுக்கல் என்று நான் நினைத்தது கண்ணுக்குக் கிடைத்த பயிற்சியாக இருந்திருக்கிறது.

அதற்குள் உம்மா, முடிந்திருந்த ஒரு பாயின் ஓரத்தை விரல்களால் தடவிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தி, "இங்கே வேறொரு கை நெய்திருக்கிறதோ?" என்றார். அம்மையார் வியந்து போனார். அவருக்குக் காய்ச்சல் கண்ட இரு நாள்கள் அவருடைய மருமகள் தறியில் அமர்ந்தாளாம். பிறகு இருவருக்கும் பேச்சு வளர்ந்தது. உம்மா தம் குரோஷாத் தொப்பிகளைப் பற்றிச் சொன்னார். வெள்ளத்தில் போனதையும் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மையார், "அந்த மாதிரியெல்லாம் யாருக்குச் சொல்லிக் கொடுத்து வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

உம்மா பதில் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவுமில்லை. ஆனால் அந்தக் கேள்வி எனக்குரியது என்பது எனக்குத் தெரியும். எனக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது உம்மா அந்த ஊசியை என் கையில் கொடுத்தார். "பி.ஏ. படிக்கிறவளுக்கு இது எதற்கு உம்மா? கடையில் விலைக்குக் கிடைக்கிறதே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதன்பின் அவர் என்னிடம் கேட்டதே இல்லை.

புறப்படும் நேரத்தில் தம்பி விலையைக் குறைத்துக் கேட்கத் தொடங்கினான். உம்மா உள்ளிருந்தபடியே குரல் கொடுத்தார்: "கூலியில் கைவைக்காதே தம்பி. சொன்னதைக் கொடு." இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. நமக்கு ஓய்வு நேரப் பொழுதுபோக்காகத் தோன்றும் கைவேலை, அந்த வீட்டில் அடுப்பெரிய வேண்டிய உழைப்பு. பிளாஸ்டிக் பாய் மலிந்துவிட்ட காலத்தில் அதை விடாமல் செய்பவர்களிடம் பேரம் பேசுவது நமக்கு அழகன்று.

கல்யாணப் பாயில் இட வேண்டிய பெயர்களை எழுதித் தருமாறு அம்மையார் கேட்டார். மகள் தன் கட்ட நோட்டில் ஓர் எழுத்துக்கு இத்தனை கட்டம் என்று கணக்கிட்டு, கட்டங்களைக் கறுப்பாக்கிப் பெயர்களை எழுதிக் கொடுத்தாள். அம்மையார் அந்தத் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, மடித்துத் தறியின் அருகில் செருகிக்கொண்டார். "இது எண்ணி நெய்யச் சுளுவா இருக்கும்" என்றார்.

வீடு திரும்பிய அன்று இரவே அலமாரியைத் திறந்து வரைநோட்டை மகளிடம் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க நாவு எழவில்லை. "உம்மம்மாவின் தொப்பியை இதில் வரைந்து வைக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டேன்.

அடுத்த வாரம் முதல், இஷாவுக்குப் பின் அரை மணி நேரம் எங்கள் வீட்டில் அதுவே வழக்கமாயிற்று. உம்மா கண்ணை மூடிக்கொண்டு பின்னுவார். மகள் எண்ணி வரைவாள். நான் பக்கத்தில் அமர்ந்து இன்னோர் ஊசியால் பின்னிப் பழகுவேன். தொப்பியின் உச்சியிலிருந்து தொடங்க வேண்டும். சங்கிலிக் கண்ணிகளை வளையமாக இணைத்து, அதன்மேல் முதல் வட்டத்தில் 12 நீளப் பின்னல்கள். இரண்டாம் வட்டத்தில் 24. மூன்றாம் வட்டத்தில் 36. இவ்வாறு வட்டத்திற்குப் பன்னிரண்டாகக் கூட்டினால் பின்னல் தட்டையாக விரியும். குறைத்தால் கிண்ணம் போல் குவிந்துவிடும். மிகுத்தால் ஓரம் அலை அலையாகச் சுருளும். உச்சி தலையின் அளவுக்கு வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட வேண்டும். பக்கச்சுவர் தானாகவே கீழிறங்கும். இந்தக் கணக்கை உம்மா ஒருநாளும் எண்களாகச் சொன்னதில்லை. அவர் விரல்களிலிருந்து அதை எடுத்துத் தாளில் வைத்தவள் என் மகள். சங்கிலிக்கு ஒரு சுழி, நீளப் பின்னலுக்கு ஒரு கோடு என்று அவளாகவே குறிகள் வைத்துக்கொண்டாள்.

நான் பின்னிய முதல் தொப்பி கிண்ணமாகக் குவிந்தது. உம்மா அதைத் தடவிப் பார்த்து, "முட்டை அவிக்கலாம்" என்றார். பத்தொன்பது வயதில் செய்திருக்க வேண்டிய தவறுகளை நாற்பத்தைந்தாம் வயதில் செய்துகொண்டிருந்தேன்.

படம் வரைவது நமக்கு ஆகுமா என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். என்னிடம் பயிலும் மாணவியரும் கேட்கிறார்கள். உருவங்கள் வரைந்து பிழைத்து வந்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, வரைந்தே ஆக வேண்டுமெனில் மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு அவர்கள் வழிகாட்டியதைப் புகாரி ஷரீபில் காண்கிறோம். இந்த எல்லைக்குள் நின்றே நம் முன்னோர் பெரும் செல்வத்தைப் படைத்தார்கள். இஸ்தான்பூலின் தோப்காபி அரண்மனை அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள காகிதச் சுருள் ஒன்று இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலோ 16ஆம் நூற்றாண்டிலோ ஈரானியக் கைவினைஞர்கள் ஆக்கியது என்று அறிஞர்கள் கருதும் அச்சுருளில் 114 கோலங்கள் வரையப்பட்டுள்ளன. சுவரிலும் கவிகை மாடத்திலும் இட வேண்டிய கோலங்களின் மாதிரிகள் அவை. கட்டடங்கள் பல இடிந்து போயிருக்கலாம். வரைந்து வைத்த ஏடு நிலைத்திருக்கிறது. வரலாறு படித்த எனக்கு இச்செய்தி முன்பே தெரியும். என் வீட்டுத் தகரப் பெட்டிக்கும் அது பொருந்தும் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

ஆகவே, சகோதரிகளே, உங்களுக்குச் சில வார்த்தைகள். பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஒரு குரோஷா ஊசி, ஒரு நூல்கண்டு, கட்டம் போட்ட ஒரு நோட்டு, ஒரு பென்சில், நாளுக்கு அரை மணி நேரம், இவை போதும். பின்னத் தெரிந்த மூத்தவர் இருந்தால் அவரருகே அமருங்கள். அவர் செய்வதைப் பார்த்தபடி வரையுங்கள். அழகாக வர வேண்டியதில்லை. மூன்று மாதம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் உங்களுக்கே புரிய வேண்டும். எண்ணிக்கையைப் படத்தின் பக்கத்திலேயே எழுதுங்கள். தேதியையும் யாரிடம் கற்றீர்கள் என்பதையும் குறியுங்கள். தவறாக வந்ததை அடித்துவிடாதீர்கள். எது ஏன் தவறியது என்பதும் ஒரு பாடமே. மூத்தவர் எவரும் இல்லையெனில் சன்னல் கம்பியின் வளைவிலிருந்தும், பள்ளிவாசல் தூணின் பூவேலையிலிருந்தும், முற்றத்து முருங்கைக் கிளையிலிருந்தும் தொடங்குங்கள். உங்கள் பிள்ளை ஏதேனும் வரைந்துகொண்டிருந்தால், பிடுங்குமுன் ஒருமுறை குனிந்து என்ன வரைகிறாள் என்று பாருங்கள்.

அந்த ஆண்டு முடிவதற்குள் உம்மாவின் நான்கு மாதிரிகளை நோட்டில் ஏற்றிவிட்டோம். நாங்கள் மூவரும் பின்னிய தொப்பிகளை மணமகனும் அவர் சகோதரர்களும் அணிந்தார்கள். அவற்றுள் என் கைவேலை எது என்று கேட்காமலே கண்டுகொள்ளலாம். வலப்பக்கம் சற்றே கோணலாக இருக்கும். கல்யாணப் பாயும் வந்து சேர்ந்தது. அதில் பெயர்கள் என் மகள் கறுப்பாக்கித் தந்த கட்டங்களின்படியே அமைந்திருந்தன.

ஐந்தாவது மாதிரி கிடைக்கவில்லை. உம்மா பலமுறை தொடங்கினார். ஆறாம் வட்டத்தோடு விரல் நின்றுவிடுகிறது. "அது என் உம்மா எனக்குச் சொல்லித் தந்தது. கடைசியாகப் பின்னி இருபது வருஷம் இருக்கும்" என்றார். மகள் அந்தப் பக்கத்தின் தலைப்பில் தன் பாட்டியின் உம்மாவுடைய பெயரை எழுதி, ஆறு வட்டங்களை வரைந்துவிட்டு, மீதியை வெற்றிடமாக விட்டிருக்கிறாள். அந்த ஊசியை உம்மா என்னிடம் நீட்டிய நாளில் நான் வாங்கியிருந்தால், அந்தப் பக்கம் நிறைந்திருக்கும்.